கொதிக்க வைத்த தண்ணீர்

ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் ‘இன்னொருதரம்’. யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் முழுதாகக் கேட்டுவிட்டு, “இன்னொரு தரம் சொல்லுங்க” என்பாள். இரண்டாவது தரம் சொல்லும்போது ஆள் எங்கே தடம் மாறுகிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சொல்ல வந்தவருக்கு எரிச்சல் வரும். வந்தால் வரட்டும். அந்த ஊர்த் தினசரியில் இத்தனை வருஷமாக அவள் எழுதிய ஒன்றுக்குக்கூட மறுப்பு வந்ததில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன், “பசிக்குதுன்னு சொன்னாக்கூட இவளுக்கு ரெண்டாவது சாட்சி வேணும்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்கட்டும். போன வருஷம் எவனோ ஒரு புண்ணியவான் பாலில் விஷம் என்று போனில் கிளப்பிவிட்டான். ஒரு மணி நேரத்தில் ஊரே அதை நம்பியது, சாயங்காலத்துக்குள் ஒரு பால் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். பாலில் ஒன்றுமே இல்லை. கடைக்காரர் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவள் இவள்தான். அன்றிலிருந்து அவளுடைய கண்டிப்பு இன்னும் கூடிப்போனது.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழாய் ஃபிட்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆபீசுக்குள் வரமாட்டேன் என்று மாடிப்படியிலேயே நின்றுகொண்டார்.

“மேடம், எம்பேரு எங்கயும் வரக்கூடாது. தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கில்ல குடியிருப்பு, அங்க தெருமுனையில தோண்டினோம். குடிதண்ணி பைப்பும் சாக்கடை பைப்பும் ஒட்டிக்கிட்டுப் போகுது. ரெண்டுலயும் ஓட்டை. பம்ப நிறுத்தினதும் அந்தத் தண்ணி இதுக்குள்ள இறங்குது. என் கண்ணால பாத்தேன். மண்ணத் தள்ளி மூடிட்டு வாயையும் மூடிக்கன்னு சொல்லிட்டாங்க.”

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

அவர் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தக் குடியிருப்பில்தான் அவள் தங்கை இருக்கிறாள். ஏழு மாதக் கைக்குழந்தை, புட்டிப்பால் குடிக்கிற குழந்தை.

குடிநீர் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். “வழக்கமான மராமத்து வேலைதாங்க, வேற ஒண்ணுமில்ல” என்றார். குரல் மென்று முழுங்கியது. ஆனால் மென்று முழுங்கியதையெல்லாம் அச்சடிக்க முடியுமா? அந்தத் தெருக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்தாள். இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

ஆசிரியர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். “ஏம்மா, ஒரே ஒருத்தர் சொன்னத வச்சு ஊரக் கலக்கலாமா? அவருக்கும் இன்ஜினியருக்கும் ஏதாவது தகராறா இருந்தா? பால் கடை கதை மறந்துபோச்சா? லேப் ரிப்போர்ட் வரட்டும், இல்ல இன்னொரு ஆளப் பிடி. உனக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லைதான். அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள். அதுதான் கொடுமை. யார் மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தவள், மாடிப்படிக்குப் பின்னால் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள்.

“பாப்பாவுக்கு எந்தத் தண்ணில பால் கலக்கிற?”

“குழாய்த் தண்ணிதான், வடிகட்டி. ஏன்க்கா?”

“இன்னிலேருந்து நல்லாக் கொதிக்க வச்சுக் குடு. நீங்களும் அதையே குடிங்க. பல் விளக்கக்கூடப் பச்சைத் தண்ணி வேண்டாம்.”

“நீ சும்மா ஒண்ணு சொல்ற ஆள் இல்லையே. என்னக்கா விஷயம்?”

“இன்னும் எதுவும் உறுதியாகல. ரெண்டு நாள் பொறு. அதுவரைக்கும் அக்கம்பக்கத்துல மூச்சு விடாத. எங்கிட்ட சொன்னவரோட வேலை போயிடும், ஊரும் ரெண்டுபட்டுடும். புரியுதா?”

“புரியுது” என்றாள் தங்கை.

போனை வைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நிம்மதி படி ஏறி முடிப்பதற்குள் போய்விட்டது. அந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு, எத்தனை புட்டி? பம்பு ஆபரேட்டரைக் கூப்பிட்டாள், பத்திரிகை என்று கேட்டதும் வைத்துவிட்டார். பழைய கவுன்சிலரைக் கூப்பிட்டாள், அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இருப்புக் கொள்ளாமல் லேபுக்கே போய் நின்றாள். அவசரப்படுத்தினால் கிருமி சீக்கிரம் வளராதுங்க என்று அந்தப் பையன் மரியாதையாகவே சொல்லி அனுப்பினான். ராத்திரி கணவன் பரிமாறிய சோறு தட்டிலேயே காய்ந்தது. அவனும் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குடியிருப்புக்குப் போனாள். வீடு வீடாக விசாரித்தால் யாருக்காவது வயிற்றுக் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இன்னொரு ஆளும் கிடைத்துவிடும் என்பது திட்டம். தங்கை கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று அக்காவைப் பார்த்துச் சிரித்தது. தங்கையின் கண் வீங்கியிருந்தது.

“பக்கத்து வீட்டுத் தையக்காரக்காவோட குட்டிப் பொண்ணு இருக்கால்ல, மூணு வயசு. ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியுமா போயி, விடியக்காலம் துணி மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க.”

“அவங்களுக்குத் தண்ணி விஷயம் எதுவும் தெரியாதா?” என்றாள் அவள்.

“நேத்து சாயங்காலம் அந்தக்கா இங்கதான் உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க. அடுப்புல தண்ணி கொதிச்சுது. எதுக்கு இவ்வளவுன்னு கேட்டாங்க. பாப்பாவக் குளிப்பாட்டன்னு சொல்லிட்டேன்க்கா. நீதான யார்கிட்டயும் சொல்லாதன்ன.”

தங்கை குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனாள். கிருமி நேற்றுதான் உள்ளே போயிருக்கும் என்று என்ன நிச்சயம்? முந்தின நாளே குடித்திருக்கலாம், அதற்கும் முன்பேகூட. நேற்றே சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்கலாம். வாதமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று அவள் செய்ததை எந்த வாதமும் மறைக்கவில்லை. அச்சில் போட இன்னும் உறுதியாகவில்லை என்று ஊருக்குச் சொல்லாமல் வைத்த ஒன்றை, தன் தங்கை பிள்ளைக்கு மட்டும் உறுதியென்று எடுத்துக்கொண்டாள்.

குழந்தைகள் வார்டு வாசலில் இருந்த நர்ஸ், கேட்பதற்கு முன்பே சலித்துக்கொண்டாள். “தொட்டிக்குக் கீழ இருக்கிற குடியிருப்பா? காலையிலேருந்து அங்கேருந்தே நாலு கேஸ். என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க அங்க?”

இப்படி ஒரு இரண்டாவது சாட்சிக்குத்தான் நேற்று மத்தியானத்திலிருந்து அலைந்தாள். கிடைத்துவிட்டது. போனை எடுக்கக் கை வரவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் குழந்தை கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது, சின்னக் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் தையல்காரி. நூல் பிசிறு ஒட்டிய புடவையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறாள்.

“நீங்க பக்கத்து வீட்டுப் பொண்ணோட அக்காதானே, பேப்பர்ல இருக்கிறவங்க?” என்றாள். அப்புறம், நிஜமான கவலையோடு கேட்டாள். “பாப்பா நல்லாருக்கா? அவளுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லாருக்கா.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “உங்க தெருத் தண்ணில சாக்கடை கலக்குதுன்னு நேத்தே ஒருத்தர் எங்கிட்ட சொன்னாரு. உறுதியாத் தெரியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன். தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன்.”

தையல்காரி அவளையே பார்த்தாள். திட்டுவாள், கத்துவாள், நாலு பேரைக் கூட்டுவாள் என்று காத்து நின்றாள் அவள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

குழந்தை முனகியது. தையல்காரி குனிந்து, ஈரத்துணியால் அதன் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

“இப்போ எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல. இப்போ ஆசிரியர்கிட்ட பேசினா நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்.”

“நாளைக்கா” என்றாள் தையல்காரி, தலை நிமிராமல். “பதினோரு மணிக்குத் தண்ணி விடுவாங்க. எல்லாரும் குடத்த வச்சுக்கிட்டு நிப்பாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?”