தோற்கும் அணியின் முகாமையாளர்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்கு மேலே ஒரு தட்டு உண்டு. ஒரு காலத்தில் அதில் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டியில் நாங்கள் வென்ற கிண்ணம் இருந்தது. சுழல்கிண்ணம் என்பதால் அடுத்த வருடம் வேறு சங்கத்துக்குப் போனது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் கருவாட்டுப் பெட்டிகள். தலைவர் கருவாடு எடுக்கக் கையை உயர்த்தும்போதெல்லாம் அவருடைய முகத்தில் ஒரு துக்கம் வந்து போகும். வாங்க வந்தவர்கள் விலை ஏறிவிட்டதோ என்று பயப்படுவார்கள்.

"தம்பி, நீர்தான் இதைச் செய்யவேணும்," என்றார் ஒரு சனிக்கிழமை. நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் என்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் நான் லா சப்பலுக்கு வந்துபோவதற்கு ஒரு காரணம்.

"என்னத்தை அண்ணை?"

"எங்கடை அணி முகாமையாளர் மூண்டு வருசம் கேட்டவர். குடுத்தம். முடிஞ்சுது. கிண்ணம் எங்கை? ஆள் செய்தது சரியோ பிழையோ எண்டு நீர் பாத்துச் சொல்லும். பொதுக்கூட்டத்திலை நீர் சொல்லுறதைக் கேட்டுத்தான் வாக்கெடுப்பு."

"ஏன் நான்?"

"நீர் நாலு புத்தகம் வாசிக்கிற ஆள். அதோடை..." முருங்கைக்காயை நிறுக்கும் சாட்டில் குரலைத் தாழ்த்தினார். "உம்மையும் வெட்டினவன்தானே."

ஆக, நான் நீதிபதியாக நியமிக்கப்பட்டது என் நடுநிலைக்காக அல்ல. தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. வாசிப்பதற்கு நல்ல தமிழ் உச்சரிப்புள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

என்னை வெட்டிய கதையைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னர் எங்கள் பழைய அணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர்களின் அணி அது. உணவகங்களிலும் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்குப் புறநகர் மண்டபம் ஒன்றில் பந்து. ஆடுகளத்தில் எங்களை ஆண்டது கூடைப்பந்து விதிகள் அல்ல, வகுப்பு வரிசை. எனக்குப் பின்னால் படித்த எவனும் என்னை அண்ணை என்றுதான் அழைப்பான். அண்ணை "தம்பி, இஞ்சை!" என்று கையை நீட்டினால் பந்து வந்தே ஆகவேண்டும். அண்ணையை ஓய்வெடுக்கச் சொல்லி வெளியே கூப்பிடும் துணிச்சல் பயிற்சியாளருக்கும் கிடையாது, ஏனென்றால் அவரும் யாரோ ஒருவருடைய தம்பி. இப்படியாக, வயது போகப் போக எனக்கு வரும் பந்துகள் கூடிக்கொண்டே போயின. அதை என் ஆட்டம் மெருகேறுவதன் அடையாளம் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஒருமுறை நான் மூலையில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதுகூடப் பந்து வந்தது. முதுகில் பட்டு வெளியே போனது. எறிந்தவன் ஓடி வந்து, "சொறி அண்ணை," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

2009இல் ஊரில் நடந்தவற்றுக்குப் பிறகு கொஞ்சக் காலம் எவருக்கும் பந்தைத் தொட மனம் வரவில்லை. அந்த வருடம் சுற்றுப்போட்டி நடக்கவில்லை. மறுபடி கூடியபோது மற்றச் சங்கங்கள் இங்கே பிறந்த பெடியன்களை இறக்கியிருந்தன. நாங்கள் எங்களையே இறக்கினோம். முதல் ஆட்டம் முடிந்தபோது மறுபக்கத்துப் பெடியன்கள் எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்து, இருக்க இடமும் விட்டார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் இந்த மனிதரை முகாமையாளராக்கினோம். பயிற்சியாளர் வேறு, முகாமையாளர் வேறு. எப்படி எறிவது என்று சொல்லிக்கொடுப்பவர் பயிற்சியாளர். அணியில் யார் இருப்பது, யார் போவது, அடுத்த சில வருடங்களுக்கு அணி எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பவர் முகாமையாளர். இவர் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சில வகுப்புகள் கீழே. குடியிருப்பு கூசேன்வில்லில், வேலை விமான நிலையத்தில், பயணப்பொதிகள் ஏற்றுவது. அணியை அடியிலிருந்து திருப்பிக் கட்ட மூன்று வருடம் வேண்டும், நடுவில் யாரும் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றார். எல்லோரும் கைதட்டினோம். கட்டுவதற்கு முன்னர் இடிக்கவேண்டும் என்பதும், இடிக்கப்படுவது நாங்கள்தான் என்பதும் கைதட்டும்போது தோன்றவில்லை.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது.

"அண்ணை, இனி நீங்கள் வரத் தேவையில்லை."

"பயிற்சிக்கோ, ஆட்டத்துக்கோ?"

"ரெண்டுக்கும், அண்ணை."

நாற்பதைத் தாண்டிய அனைவரையும் ஒரே பின்னேரத்தில் இப்படித் தொலைபேசியில் முடித்தார். பிறகு சட்டங்கள் போட்டார். நேரத்துக்கு வருகிறவன்தான் விளையாடுவான். பையன் நம் பள்ளிக்கூடத்தானின் மகனா என்று பார்க்கத் தேவையில்லை. மூன்றாவது சட்டம்தான் லா சப்பலையே உலுக்கியது. ஆடுகளத்துக்குள் அண்ணை, தம்பி கிடையாது, சட்டை இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். மூத்தவனை இளையவன் "ஏழு!" என்று கூப்பிடுவதைக் கேட்ட ஒரு தகப்பன், மண்டபத்தைவிட்டு எழுந்து போய்விட்டார் என்று கேள்வி.

முதல் வருடம் எல்லா ஆட்டமும் தோல்வி. இரண்டாம் வருடம் கொஞ்சம் குறைவாகத் தோற்றார்கள். மூன்றாம் வருடம் அரையிறுதி. கடைசி விநாடிகளில் ஒரு புள்ளி பின்னால். பந்து ஆர்ஜொந்தெய்யிலிருந்து வரும் ஒரு பாண்டிச்சேரிப் பெடியனின் கைக்குப் போனது. அவன் எறிந்தான். வளையத்தில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு பக்கம், இவர் தாமதமாக வருகிறான் என்று விலக்கிய, எபினே என்ற புறநகரிலிருந்து வந்த பெடியன், எங்கள் எல்லோரையும்விட நெட்டையானவன், வேறு சங்கத்துக்குப் போய் இறுதி ஆட்டத்தில் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினான்.

இவற்றை வைத்துத்தான் நான் தீர்ப்புச் சொல்லவேண்டும். பிழை என்று சொன்னால் பழிவாங்கிவிட்டான் என்பார்கள். சரி என்று சொன்னால் பெருந்தன்மையானவன் என்பார்கள். அது அதைவிட மோசம். எப்படியும் என்னைப் பற்றித்தான் பேச்சு வரும். அதைத் தடுப்பதற்கு ஒரே வழி, வேலையை ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

என் பிழைப்பு ஒரு காப்புறுதி நிறுவனத்தில், வாகன விபத்துகள் பிரிவில். மற்றவர்களின் மோதல்களுக்கு யார் பொறுப்பு என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அங்கே முதல் நாளே ஒன்று சொல்லித் தருவார்கள். வண்டி மோதிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஓட்டியவர் அந்த நேரத்தில் எதைப் பார்த்திருக்க முடியும், பார்த்ததற்கு ஏற்றபடி நடந்தாரா என்பதுதான் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டித் தப்பியவன் நல்ல ஓட்டுநர் அல்ல. அமெரிக்காவில் பெரிய அணிகளின் முகாமையாளர்களை எடைபோடுகிறவர்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுவதையும் தேடி வாசித்தேன். சுற்றி வளைத்து அவர்களும் இதைத்தான் சொன்னார்கள், கூடுதல் இலக்கங்களோடு.

பயிற்சி பார்க்கப் போனேன். யாரும் எழுந்து இடம் தரவில்லை. அது நல்ல அறிகுறி. பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் மறிக்காமல் வெறுமையாக நிற்கிறவனுக்குப் போனது. பயிற்சியாளர் கையைக் காட்டியதும் அணியிலேயே மூத்தவன் வெளியே வந்தான். தனக்குப் பதிலாகப் போகிற சின்னவனின் முதுகில் தட்டிவிட்டு உட்கார்ந்தான். முகம் சுருங்கவில்லை. எங்கள் காலத்தில் இது நடந்திருந்தால் சங்கம் இரண்டாகி, இரண்டும் தனித்தனியே ஆண்டுவிழா எடுத்திருக்கும்.

முகாமையாளர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தலைவர் அனுப்பினவரோ அண்ணை?"

"ஓம்."

"என்னை வெட்டவோ?"

"பாக்க. அந்த எபினேப் பெடியனை ஏன் விட்டனீர்?"

"சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் பிந்தி. சட்டம் சட்டம்தானே."

"ஏன் பிந்தி வாறவன்?"

அவர் ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கேல்லை," என்றார்.

நான் கேட்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அவனுக்குத் தகப்பனின் கடையில் வேலை. மற்றச் சங்கம் பயிற்சியை ஞாயிறுக்கு மாற்றியது, அவ்வளவுதான். சொன்னேன். அவர் சாட்டுச் சொல்லவில்லை. "அது என்ரை பிழை அண்ணை. கூட்டத்திலை அதையும் சொல்லுங்கோ," என்றார். பிறகு எழுந்து போய், பிந்தி வந்த ஒருவனிடம் ஏதோ விசாரித்தார்.

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம், ஓர் உணவகத்தின் மேல்மாடியில். கீழே கொத்துரொட்டி கொத்தும் சத்தத்துக்கு மேலாகத் தலைவர் அரைமணி நேரம் பேசினார். கிண்ணம் என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகாமையாளர் கடைசி வரிசையில் விமான நிலையச் சட்டையோடு இருந்தார். கூட்டம் முடிய அவருக்கு வேலை.

நான் எழுந்தேன்.

"முதலிலை ஒண்டு. என்னை வெட்டினது சரி."

"அதைச் சொல்லப் பொதுக்கூட்டம் தேவையில்லை!" என்றது ஒரு குரல். என்னோடு வெட்டுப்பட்டவர்களில் ஒருவர். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தலைவர் மேசையைத் தட்டினார். "அரையிறுதியிலை கடைசிப் பந்தை அந்த ஆர்ஜொந்தெய்ப் பெடியனிட்டைக் குடுத்தது ஆர்? எங்கடை பள்ளிக்கூடமும் இல்லை. எந்த ஊர் எண்டும் தெரியாது."

"ஆர்ஜொந்தெய்தான் அண்ணை ஊர்."

"பந்து விழேல்லைத்தானே?"

"விழேல்லை. ஆனா பந்து வைச்சிருந்த எங்கடை மூத்தவனை ரெண்டு பேர் மறிச்சுக்கொண்டு நிண்டவை. இவன் தனிய நிண்டவன். மூத்தவன் பாத்தான், குடுத்தான். எங்கடை காலமெண்டால் அந்தப் பந்து ஆருக்கு வந்திருக்கும்?"

"உங்களுக்கு," என்றார் அதே பழைய ஆட்டக்காரர். "நீங்கள் அப்பவும் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிண்டிருப்பியள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அவன் எறிஞ்சது விழாமல் போகலாம். பந்து போனது சரியான ஆளிட்டை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரத்தான் மூண்டு வருசம் போனது. இப்ப இவரை மாத்தினால் வாறவர் முதலிலை ஆரை எடுப்பார்? எங்களைத்தான். நாங்களும் வெக்கமில்லாமல் போவம்."

பிறகு எபினேப் பெடியனின் விடயத்தைச் சொன்னேன். முகாமையாளர் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அது முழுக்க அவருடைய பொறுப்பு. தலைவருக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு, இவருக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுக்கவேண்டும் என்று முடித்தேன்.

"ரெண்டு வருசத்திலையும் கிண்ணம் வராட்டி?" என்றார் தலைவர்.

"அவரோடை சேத்து என்னையும் அனுப்புங்கோ."

"உம்மைத்தான் ஏற்கெனவே அனுப்பியாச்சே!"

வாக்கெடுப்பில் கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. எங்களில் பலர் முதலில் பக்கத்துக் கதிரையைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்கள். ஆனாலும் தூக்கினார்கள். தலைவர் தூக்கவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு வருசம்," என்று அவரே அறிவித்தார். அறிவித்த குரலில் கோபம் இல்லை. ஆனால் கருவாட்டின் விலை அடுத்த கிழமை கூடும் என்று எனக்குத் தோன்றியது.

முகாமையாளர் படியில் என்னைப் பிடித்தார். நன்றி சொல்லவில்லை. "வாற ஞாயிறு வேலை இல்லை. எபினேக்குப் போவம். நீங்களும் வாங்கோ," என்றார்.

போனோம். கடையில் அந்தப் பெடியன், பயிற்சி முடிந்து வந்த கையோடு, ஏணி இல்லாமலே மேல்தட்டில் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தகப்பன் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். வேறு எதுவும் தரும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

"தம்பி, அண்டைக்கு நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. பிழை என்னிலைதான்," என்றார் முகாமையாளர். "பயிற்சியை ஞாயிறுக்கு மாத்துறன். திருப்பி வாறியோ?"

பெடியன் டின்னைக் கீழே வைத்தான். பிரெஞ்சில், மிகவும் மரியாதையாக, தனக்கு அந்தச் சங்கத்தில் நன்றாகப் போகிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், வரமாட்டேன் என்றான். பிறகு தமிழில், "சொறி அங்கிள்," என்றான்.

"சொறி என்னத்துக்கு? நல்லா விளையாடு. அடுத்த முறை உன்னை மறிக்க ஆளோடை வருவன்."

தகப்பன் முதல் தடவையாகச் சிரித்தார்.

ரயில் மேடையில் இவர் ஏதாவது மனம் சோர்ந்து சொல்வார், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று தயாராக நின்றேன். அவர் தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார்.

"அண்ணை, உங்கடை ரெண்டாவது பெடியன் இப்ப எவ்வளவு உயரம்? ... கதவு நிலை தலையிலை இடிக்குதோ? ... இல்லை அண்ணை, கலியாணத்துக்கில்லை ... சனிக்கிழமை அவருக்கு என்ன வேலை? ஞாயிறு?"

ரயில் வந்தது. அவர் பேசி முடிக்கவில்லை. அடுத்ததில் போவோம் என்று எனக்குக் கையைக் காட்டினார். நானும் ஏறவில்லை. இரண்டு வருடம் கேட்டது நான்தானே.