குடிபாலாக்காரி ஓட்டிய வண்டி

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். வெளியே சொன்னால் சிலருக்குப் புரிவதில்லை. பெரிய ரயில் நிலையங்களில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போகுமே, கதவு இல்லாமல் கூரை மட்டும் இருக்குமே, அந்த மாதிரி வண்டி. வாசலில் இருந்து நூலகம், நூலகத்தில் இருந்து பெண்கள் விடுதி, அங்கிருந்து சரிவில் இறங்கி கலையரங்கம், திரும்பவும் வாசல். நாள் முழுக்க இதுதான் என் பாதை. எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் மலை தெரியும்.

இந்த வேலைக்கு முதலில் எடுத்தது இரண்டு பெண்களை. ஒருத்தி நான், இன்னொருத்தி குடிபாலாக்காரி. சித்தூரைத் தாண்டி வேலூர் போகிற சாலையில் இருக்கிறது குடிபாலா. நான் நகரியில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பவர்லூம் சத்தமும் தமிழும் ஓயாது. கல்யாணமாகி திருப்பதிக்கு வந்த இடம் தெலுங்குக் குடும்பம். மாமியார் தங்கமானவர்தான், ஆனால் அந்த வீட்டில் காலையில் எழுந்து படுக்கிற வரைக்கும் தெலுங்குதான். என் பிள்ளைகளுக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஊரில் இருந்து நைனா, என் அப்பா, போனில் கூப்பிடும்போது மட்டும் நான் தமிழில் பேசுவேன். அவரும் இறந்த பிறகு அதுவும் இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள், வண்டி கொடுத்த கம்பெனியில் இருந்து ஒருவர் வந்து, சார்ஜ் போடுகிற கொட்டகையில் நின்று தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். இது சாவி, இது முன்னால் போக, இது பின்னால் போக, இது கை பிரேக். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"சத்தமே வராதாம். அப்ப முன்னாடி நடக்கறவனுக்கு எப்டித் தெரியும்?"

நான் சட்டென்று திரும்பினேன். "நீ தமிழாக்கா?"

"ஏன், நெத்தியில எழுதி ஒட்டிக்கினு வரணுமா? நீ எந்த ஊரு?"

"நகரி."

"சரி நகரி, அந்தாளு பேசறத கவனி. அப்பால பேசிக்கலாம்."

அன்றிலிருந்து அவள் வாயில் நான் நகரிதான். என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கம்பெனி ஆள் போனதும் அவள் செய்த முதல் காரியம், காலி வண்டியை விளையாட்டு மைதானத்துக்கு ஓட்டிப்போனதுதான். என்னைத் தூரத்தில் நிற்கச் சொன்னாள். "உள் பக்கத்துச் சக்கரத்தையே பாத்துக்கினு இரு. தரைய விட்டுத் தூக்கினா கைய காட்டு." மெதுவாக வட்டம் போட்டாள். பிறகு கொஞ்சம் வேகமாக. இன்னும் கொஞ்சம் சின்ன வட்டமாக. ஒரு சுற்றில் சக்கரம் லேசாகத் தூக்கியது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். உடனே காலை எடுத்துவிட்டாள். இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கவுறும்னு தெரியாம இதுல எப்டி ஜனங்கள ஏத்தறது?" அடுத்தது என்னை ஓட்ட வைத்து அவள் தூரத்தில் போய் நின்றாள். சக்கரம் தூக்குகிற வரை நானும் வட்டம் போட்டேன். அதற்குப் பிறகு எந்தத் திருப்பத்திலும் என் கால் தானாகவே தளர்ந்துவிடும்.

அவள் வண்டியில் எல்லோரும் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும். பின்னால் படியில் நின்றுகொண்டு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனில் படம் எடுப்பார்கள். அவள் திட்டமாட்டாள். சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன ஆச்சு என்று யாராவது "ஏமைந்தி அக்கா?" கேட்டால், "ஒண்ணுமில்ல, நீங்க உக்காந்தா போவும்" என்று தெலுங்கில் சொல்வாள். வகுப்புக்கு நேரமாகிறவர்களே நிற்பவனை இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். துப்பட்டா காற்றில் பறந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. அது சக்கரத்தில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். இறங்கிப்போய் அவளே அந்தப் பெண்ணின் துப்பட்டாவைச் சுற்றி மடியில் செருகுவாள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடுரோட்டில் நடக்கிறவர்களுக்குப் பின்னால், ஹாரன் அடித்தும் கேட்காவிட்டால், அவர்கள் நடக்கிற வேகத்திலேயே ஊர்ந்து வருவாள்.

மத்தியானம் இரண்டு வண்டியையும் சார்ஜில் போட்டுவிட்டு கொட்டகையில் சாப்பிடுவோம். அவள் பெரும்பாலும் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவருவாள். எனக்கு ஒரு உருண்டை எப்போதும் தனியாக இருக்கும். "துன்னு, துன்னு, உன் மாமியா சோத்துல இன்னா கீது" என்பாள். புருஷன் சின்ன வயதிலேயே இறந்துபோய், மகளோடு வாடகை அறையில் இருந்தாள். மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சித்தூர் பக்கத்தில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஸ்டீரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

"உன் சாமி அவ்ளோ தூரத்துல கீறாரு. என் சாமி பக்கத்து சீட்லயே வர்றாரு" என்றாள் ஒருநாள்.

"அப்ப அவரயும் காலை உள்ள வெச்சிக்கச் சொல்லுக்கா."

அவள் சிரித்த சிரிப்பில் களி தொண்டையில் சிக்கிக்கொண்டது. முதுகில் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் அன்று சாயங்காலம் வரை, எதிரெதிரே வண்டிகள் கடக்கும்போதெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனாள்.

இப்படியே சில வருஷங்கள் போயின. நல்ல வருஷங்கள் என்று அப்போது தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள், கலையரங்கத்தில் மறுநாள் விழா. சாமான் ஏற்றுகிற வண்டி பழுதாகிக் கிடந்தது. விழா வேலை எடுத்தவர்களின் ஆட்கள் நூலகத்தின் முன்னால் அவள் வண்டியை நிறுத்தி, பின் இருக்கைகளில் தண்ணீர் கேன்களை ஏற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். இது ஆள் ஏற்றுகிற வண்டி, சாமானுக்கு இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைதானே என்று கெஞ்சியிருக்கிறார்கள். பாதியை இறக்கினால்தான் எடுப்பேன் என்றதும் நாற்காலிகளை இறக்கினார்கள். கேன்களை இறக்கவில்லை, கட்டவும் இல்லை. கயிறு கேட்டதற்கு, பிடித்துக்கொள்ள ஆள் வருகிறான் என்று ஒருவனைப் பின்னால் ஏற்றினார்கள். இதெல்லாம் அவள் பிற்பாடு எனக்குச் சொன்னது.

நான் கலையரங்கப் பக்கமிருந்து சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தேன். தூறல். என் வண்டியில் ஆராய்ச்சி மாணவிகள் சிலர் இருந்தார்கள். மேலே திருப்பத்தில் அவள் வண்டி தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தாள். வளைகிற இடத்தில் கேன்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன. பிடித்துக்கொண்டிருந்தவன் குதித்துவிட்டான். வண்டி, ஒரு மாடு படுப்பதுபோல, அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. கேன்கள் உருண்டு என்னைத் தாண்டிப் போயின.

கை பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இறங்கச் சொல்லிவிட்டு ஓடினேன். அவளுடைய வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. நான் கூரைக் கம்பியைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

"இரு நகரி. மொதல்ல சாவிய எடு."

அப்போதுதான் பார்த்தேன். ஏதோ ஒன்று ஆக்சிலேட்டரில் சிக்கி அழுத்திக்கொண்டிருக்க, பின் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே நிமிர்த்தியிருந்தால் வண்டி அவள் மேலேயே ஏறிப் போயிருக்கும். கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன். சக்கரம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள், "இப்ப தூக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். மாணவிகளும் நானும் குதித்த ஆளும் சேர்ந்து தூக்கினோம்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருப்பதாகச் சொல்லி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அவளுடைய அண்ணன் குடிபாலாவில் இருந்து வந்தார். நாட்டு வைத்தியர்கள் போடுகிற புத்தூர் கட்டுதான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இட்டுக்கொண்டு போய்விட்டார். மகள் அழுது பார்த்தாள், நடக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் புத்தூர் போனேன். கையிலும் காலிலும் கட்டோடு எத்தனையோ ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"வண்டி இன்னா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"கூரை வளைஞ்சி போச்சு. நிமித்திட்டாங்க. உன் கால் எப்டி கீது?"

"அத நிமித்தறதுக்குதானே இங்க குந்திக்கினு கீறேன்."

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். மகளுக்கு வேலூரில் வேலை கிடைத்தது. குடிபாலாவில் இருந்தே பஸ்ஸில் போய்வர வசதி. திருப்பதி அறையைக் காலி செய்ய மகள் மட்டும் வந்தாள். நான்தான் பாத்திரங்களை மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

இங்கே பல மாற்றங்கள் வந்தன. ஆள் ஏற்றுகிற வண்டியில் சாமான் ஏற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சாமான் வண்டிக்குப் பக்கச் சட்டமும் கட்டுவதற்கு வாரும் வந்தன. ஒரு அளவுக்கு மேல் வேகம் போகாதபடி வண்டிகளில் மாற்றம் செய்தார்கள். சரிவில் வேகத்தடை போட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கற்றுத்தர என்னைச் சொன்னார்கள். அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய் வட்டம் போடச் சொல்லி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சொல்லித் தருவதெல்லாம் தெலுங்கில். என் வாய் தெலுங்கில் பேசும்போது, அதற்கு முன்னால் அவள் குரல் தமிழில் எனக்குள் கேட்டுவிடும்.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். "அந்த அம்மா திரும்பி வருவாங்களா கேளு. வண்டி ஓட்ட முடியலன்னா கொட்டகையைப் பாத்துக்கட்டும்" என்று தெலுங்கில் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனில் கேட்க மனமில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தூர் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்தபோது லேசாகச் சாய்ந்து நடந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். சொல்ல வந்ததைச் சொன்னேன். திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள்.

"கொட்டாய்ல குந்திக்கினு, நீ போறதையும் வர்றதையும் பாத்துக்கினு கெடக்கணுமா?"

"அப்ப ஓட்டு. சார் வோணாம்னு சொல்லல."

"கையக் குடு" என்றாள். என்னைத் தரையில் உட்காரச் சொல்லி, தன் வலது பாதத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதுதான் பிரேக்குன்னு வெச்சிக்க."

பாதம் சூடாக இருந்தது. விரல்கள் லேசாக அசைந்தன. நான் காத்திருந்தேன்.

"அமுக்குக்கா."

"அமுக்கிக்கினுதான் கீறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு பூனை கால் வைத்த கனம்தான் இருந்தது. அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவளாகவே மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கிட்டியா? சரிவுல புள்ளைங்கள வெச்சிக்கினு இறங்கற வண்டி. இந்தக் கால நம்பி எப்டி ஏத்தறது?"

மத்தியானம் மகள் டியூட்டி முடிந்து வந்தாள். கறிக்குழம்பு செய்திருந்தார்கள். சாப்பிடும்போது, யார் புது டிரைவர், எந்த மரம் விழுந்தது, விடுதியில் எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ் வந்ததும், "ஏறிக் குந்து. நின்னுக்கினு போவாத" என்றாள். சித்தூர் வரை உட்கார இடம் கிடைத்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அதிகாரியிடம், வரமாட்டாள் சார் என்று சொன்னேன். சந்திரகிரியில் இருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். நிதானமாக ஓட்டுகிறாள், பொறுப்பானவள். மத்தியானம் என்னோடுதான் சாப்பிடுகிறாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சில நேரம் சாப்பிட்டு முடித்து, வண்டிகள் சார்ஜில் நிற்கும்போது, ஒன்றுமில்லாத ஏதாவது ஒன்றை, வெயில் என்னமா கொளுத்துது என்கிற மாதிரி ஒன்றைத் தமிழில் சொல்ல வேண்டும்போல் இருக்கும். சில தடவை சொல்லியும் விடுகிறேன். என்ன சொன்னேன் என்று புரியாமல், "ஏமன்னாவு அக்கா?" என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

போன வாரம் குடிபாலாவில் இருந்து போன் வந்தது.

"இன்னா நகரி, இங்க நல்ல மழை. அங்க வந்துதா?"

கொட்டகைக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மழை இல்லை என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"வந்துக்கினே கீதுக்கா" என்றேன்.