சிவகாமி அக்கா கேட்டு வாங்கிய அரங்கம்

செக்காலை நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எங்கள் கூடைப்பந்து அணியில் ஆடிய தெய்வானை வந்து, "அக்கா போயிட்டாகடி" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அக்கா என்றால் அணித்தலைவி சிவகாமி அக்கா ஒருவர்தாம். மஞ்சள்காமாலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

1960களில் நாங்கள் திறந்த மைதானத்தில் ஆடினோம். வேலியோரம் நின்று கேலி பேசுகிறவர்களுக்கு அஞ்சிப் பாதிப்பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஊரில் உள்ளரங்கம் கட்டும் பேச்சு எழுந்தபோது, அக்காவும் கட்டடக் குழுவினரோடு வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டார். "கூரையும் சுவரும் இருந்தா பிள்ளைகள அனுப்புவாக" என்பார். காலை நேரம் பெண்களுக்கே என்று குழுச் செயலாளர் எல்லார் முன்னும் வாக்குக் கொடுத்தார். அரங்கம் கட்டி முடிந்து, புதுத் தேக்குப் பலகைத் தரையில் முதன்முதலாகப் பந்து தட்டியபோது அக்கா அழுதுவிட்டார்.

அந்த மகிழ்ச்சி அடுத்த மழைக்காலம்வரைகூட நீடிக்கவில்லை. கச்சேரி, நாடகம், மாநாடு என்று வரிசையாக வந்தன. மேடைக்கால்களைப் பலகைத் தரையோடு வைத்து ஆணி அறைந்தார்கள். அக்கா செயலாளரிடம் போனார்.

"மேடை போட்டுக்கங்க, வேணாங்கல. தரையில மட்டும் ஆணி அடிக்காதீக. அதுல பிள்ளைக ஓடணும்."

"கச்சேரிக்கு ஊரே வருது. ஒங்க பந்தாட்டத்தப் பாக்க யாரு வாராக?" என்றார் அவர்.

ஒருநாள் பயிற்சியில், பெயர்ந்து நின்ற பலகையில் கால் மாட்டி அக்கா விழுந்தார். முழங்கால் எலும்பு நொறுங்கியது. அதன்பிறகு அவர் ஓடவே இல்லை. குழு கூடிப் பேசியது. மேடைகள் தொடர்ந்தன, பாதுகாப்பு என்று சொல்லி எங்களைத்தான் நிறுத்தினார்கள்.

அக்கா காலை இழுத்துக்கொண்டே பழைய மைதானத்தில் பயிற்சி கொடுத்தார். ஆண்டுதோறும் போய் அரங்கத்தைக் கேட்டார். பார்ப்போம் என்றே அனுப்பினார்கள். "கெஞ்சலடி, குடுத்த வாக்கக் கேக்குறேன்" என்பார் எங்களிடம்.

துக்க வீட்டுக்குச் செயலாளர் பெரிய மாலையோடு வந்தார். அக்காவின் படத்தை அரங்கத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். அக்காவின் தாயார் தலை நிமிர்ந்தார்.

"உசுரோட இருந்தவள உள்ள விடல. இப்பப் படம் எதுக்கு? வேணாம், போங்க."

அக்காவைத் தூக்கியபோது, அணியில் ஆடிய அத்தனை பேரும் பின்னால் நடந்தோம். தெருமுனை வந்ததும், பெண்கள் இதற்குமேல் வரக்கூடாது என்றார்கள். நின்றுவிட்டோம். பாடை திரும்பி மறையும்வரை ஒருத்தியும் அழவில்லை. கோபத்தில் அழுகை வரவில்லை.

போய் வாருங்கள், அக்கா. அந்தக் காலை நேரத்தை நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.