ரோஸ்மேரியின் கழுத்துத் திருப்பல்

நாசரேத்தில் இருந்து பிழைக்க வந்து பத்தொன்பது வருடமாகத் திருப்பூரில் இருக்கும் ரோஸ்மேரிக்கு, ஆறு வருடமாக வலக்கண் தெரியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர் இதை ஊரைக் கூட்டியா சொல்ல முடியும்? தெரிந்தால், கூலி குறைந்த பிசிறு வெட்டும் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். வருடாந்திரக் கண் பரிசோதனைக்கு அதே பழைய அட்டையைத்தான் தொங்கவிடுவார்கள். அதன் எழுத்துகளை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்து தப்பித்துவந்தார்.

சென்ற ஆண்டு முதலாளி மகுடேஸ்வரன், புதியவர்களுக்கு வேலை பழக்க ஹெட்செட் வாங்கினார். தலையில் மாட்டினால் வலக்கண்ணுக்கு முன்னால் நகத்தளவு திரை ஒன்று வந்து நிற்கும். செய்ய வேண்டிய படி அதில் எழுத்தாக வரும். "அடுத்தது" என்று சொன்னால் அடுத்த படி வரும். படிகளை எழுதுவதற்காக, தவறே விடாத ஆள் என்று ரோஸ்மேரி வேலை செய்வதை இரண்டு நாள் படம் பிடித்தார்கள்.

சோதித்துப் பார்க்கவும் அவர் தலையில்தான் மாட்டினார்கள். திரையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம், அவர் வேலைதானே! தோள் தையலைப் பார்த்து "அடுத்தது" என்றார். கழுத்துப் பட்டியைப் பார்த்து "அடுத்தது" என்றார். இவ்வளவு சீக்கிரம் யாருமே பிடித்துக்கொண்டதில்லை என்று ஹெட்செட் கம்பெனிக்காரர் அசந்துபோனார். அன்றே ரோஸ்மேரி பயிற்சியாளர் ஆனார்.

ஒரே வாரத்தில், பழக வந்த பதினோரு பெண்களுக்கும் கழுத்து வலி. ஹால் முழுக்கத் தைல வாசம். மடத்துக்குளத்துப் பெண் இந்துமதி கேட்டாள்:

"ஏனுங்கக்கா, துணிய நேராப் பாத்தா ஆகாதுங்களா?"

"ஆகாதுன்னு யாரு பிள்ள சொன்னா?"

"இதுலதானுங்க வருது. 'முதல் படி: முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளவும்.'"

தெரிகிற ஒற்றைக் கண்ணைத் துணிக்கு நேராகக் கொண்டுவர ரோஸ்மேரி திருப்பும் திருப்பல் அது. எழுதிய புண்ணியவான்கள் அதையும் தொழில் நுணுக்கம் என்று சேர்த்துவிட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் பயிற்சியாளர். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இந்துமதி கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குமேல் மனசு கேட்கவில்லை; நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"மொதலாளி, எனக்கு வலக்கண்ணு தெரியாது. அதுக்குத்தான் திருப்புனேன். பிள்ளைகளுக்குக் கழுத்து போவுது, அத எடுத்திருங்க."

"ஏனுங்க ரோஸ்மேரி, இத்தன வருசமா சொல்லவே இல்லீங்களே!"

"சொன்னா செக்கிங்ல வச்சிருப்பியளா?"

"அதெப்படீங்க வெப்பேன்?" என்று மகுடேஸ்வரன் உள்ளதைச் சொன்னார். "ஆனா அந்தப் படிய இனி எடுக்க முடியாதுங்க. சரக்கு வாங்குற பையர் பாத்து அப்ரூவல் குடுத்துட்டாருங்க."

மறுநாளே ரோஸ்மேரியைப் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசை செக்கிங் வரிசைக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பனியனை எடுக்கும்போதும் அந்தப் பெண்கள் அவர் பக்கம் முகத்தைத் திருப்புகிறார்கள். அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அவர் போய்ச் சொன்னதைக் கேள்விப்பட்ட இந்துமதி மட்டும், திரும்பியதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள்.