அறுபத்தொன்றாம் எண் வில்லை

இது நடந்தது. கதை கட்டுகிற ஆளாக இருந்தால் கேதீஸ்வரனை நானே நம்பியிருக்க மாட்டேன். இருபது வருடமாக ஆக்லாந்தில் வெல்டிங் வேலை பார்க்கிற மனிதர். பேய் என்று யாராவது தொடங்கினால், "உனக்கு வேற வேலை இல்லையே?" என்று சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அவர் போலீசிடம் சொன்னவைதான்.

வெஸ்ட்கேட் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டில் அவருக்கு வேலை. போன ஜூலையில் அங்கே ஒரு ஜெர்மன் நீராவி ரயில் எஞ்சின் வந்து இறங்கியது. 1943இல் போர்முனைக்குக் குண்டு இழுக்கச் செய்தது. ஐந்து வருடம் ஓடினால் போதும் என்று, செம்பை மிச்சம்பிடித்து, நெருப்பு எரியும் அடுப்பறையைக்கூட இரும்பிலேயே கட்டியிருந்தார்கள். போர் முடிந்ததும் அதன் கூட்டாளிகள் பல உருக்காலைக்குப் போயின. இது மட்டும் போலந்தில் சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு இழுத்துப் பிழைத்தது. பிறகு ஒரு பணக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, கப்பலில் இங்கே கொண்டுவந்து, ஒருநாள்கூட ஓட்டாமல் செத்துப்போனார். பிள்ளைகள் நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டு, எஞ்சினை எடைக்குப் போட்டார்கள்.

கடைசி நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு அருங்காட்சியகம் எழுதியது. அடுப்பறைச் சுவரின் தடிமன் போதுமென்றால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் உருக்கிவிடுங்கள் என்றது.

அளக்க உள்ளே போனவன் விக்னேஷ். திருச்சிக்காரன், இருபத்தொன்பது வயது, யார்டிலேயே ஒல்லியான உடம்பு. வேலை விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அது நீண்டால்தான் மனைவி அபர்ணாவை அழைத்துக்கொள்ள முடியும் என்பதால், எந்த வேலைக்கும் முதல் ஆளாக நிற்பான். குளிர் வந்தால் இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஊரில் பைக்கிலிருந்து விழுந்தபோது முன்கை எலும்பில் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டிருந்தார்கள்.

யார்டில் ஒரு சட்டம் உண்டு. இப்படி அடைத்த இடத்துக்குள் போகிறவர் தன் படம் போட்ட சிவப்பு அட்டையை வாசலில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்து அவரேதான் கழற்ற வேண்டும். அட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. வேறு யாரும் தொடக்கூடாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். அன்று காவல் கேதீஸ்வரன்.

மாலை 4.52. விக்னேஷ் அட்டையை மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தான். அங்கே ஒருவர் குந்தியிருக்கத்தான் இடம்.

4.58. அட்டைக்குப் பின்னால், அதே கொக்கியில், இன்னொன்று தொங்குவதைக் கேதீஸ்வரன் பார்த்தார். கறுத்துப்போன பித்தளை வில்லை. 61 என்று எண். பழைய இரும்புக்காரர் கை பித்தளையைக் கண்டால் சும்மா இருக்குமா? கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

5.07. உள்ளிருந்து சத்தம். தட்... தட்... தட்...

"தம்பி, நீயே தட்டுறாய்?"

"இல்லண்ணே. நீங்க தட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

5.15. "அண்ணே, உள்ள கதகதன்னு இருக்கு."

கேதீஸ்வரன் அடுப்புக் கதவைத் தொட்டுப் பார்த்தார். வெளியே எட்டு டிகிரிக் குளிர். கதவு வெதுவெதுப்பாக இருந்தது. அந்த அடுப்பில் நெருப்புப் பட்டு முப்பது வருடம் ஆகிறது.

5.21. இருட்டிவிட்டது. நிலக்கரிப் புகை வாசம்...

"தம்பி, அளந்தது காணும். வெளியில வா."

உள்ளிருந்து, மெல்ல...

"அண்ணே... என் பின்னாடி யாரு உக்காந்திருக்கா?"

5.25. "கையைத் தா! கெதியா!"

கை வந்தது. பிடித்தார். இழுத்தார்.

வெறுங்கை.

விக்னேஷ் கையுறை போட்டிருந்தான்.

கொதித்தது அந்தக் கை...

விட்டுவிட்டார்.

அதன் பின்னால் இன்னொரு கை. ஆரஞ்சு உறை. "அண்ணே!"

எட்டினார்...

5.26. கதவு தானாக மூடிக்கொண்டது.

கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது 5.29. டார்ச் அடித்தார். யாரும் இல்லை. சுவர் சில்லென்று இருந்தது. வாசலுக்கு நேரே ஒரு சிலந்தி வலை, கிழியாமல்.

போலீஸ் யார்டைப் புரட்டிப் பார்த்தது. எலி போகிற ஓட்டையைத் தவிர வேறு வழி இல்லை. விசா முடியப்போகிறது, ஓடி ஒளிந்திருப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நம் ஆட்களும் கோயிலில் அதையேதான் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அபர்ணா மட்டும் தினமும் திருச்சியிலிருந்து போன் செய்கிறாள். "நீங்கதானேண்ணே வெளிய நின்னீங்க? அவரு வெளிய வந்தாரா, இல்லியா?" என்பாள்.

எத்தனையோ மாலை கேதீஸ்வரன் அந்த வில்லையைக் கொக்கியில் திரும்ப மாட்டிப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு தட்டும் இல்லை. அளந்து முடிக்காததால், செப்டம்பரில் எஞ்சின் உருக்காலைக்குப் போனது. சிவப்பு அட்டையைக் கழற்ற அவர் யாரையும் விடவில்லை. அதுவும் கூடவே போனது.

அக்டோபரில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எஞ்சினின் பழைய பதிவேட்டில் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள்.

1944, பிப்ரவரி 11. தொழிலாளி எண் 61 அடுப்பறைக்குள் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வாசலில் அவர் மாட்டிய வில்லையை யாரோ கழற்றிவிட்டார்கள். வில்லை இல்லாததால் உள்ளே ஆள் இல்லை என்று நெருப்பு மூட்டினார்கள். மாலை 5.26. அந்த வில்லை கடைசிவரை கிடைக்கவில்லை.

மறுநாள் உள்ளிருந்து எடுத்த உடல்கள் இரண்டு.

ஒன்று 61. மற்றவர் யாரென்று தெரியவில்லை. கரிக்கட்டையாகிவிட்ட உடம்பு. இடது முன்கை எலும்பில் ஒரு தகடு மட்டும் உருகாமல் இருந்தது. என்ன உலோகம் என்று மருத்துவருக்குத் தெரியவில்லை.

ஆறு திருகாணி.