பதினைந்து இஞ்ச் பெட்டி

எல்லார் வீட்டிலும் டி.வி. இருக்கிற இடத்தில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். முன்பக்கம் இரும்பு வலை, பக்கத்துக்கு ஒரு கைப்பிடி, உள்ளே பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று. மருமகள் லீவுக்கு வரும்போதெல்லாம் அதன் மேல் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வைப்பாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் அதை எடுத்துவிடுவேன். என் மனைவி இருந்தவரை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்தாள். அவள் போன பிறகு நான் துடைக்கிறேன். மூன்று மாடி வீடு. துடைக்க எத்தனையோ சாமான் கிடக்கிறது. நான் துடைப்பது இது ஒன்றைத்தான்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சாவதைத் தாண்டாதவன். எழுமலைப் பக்கம் மானாவாரிக் காட்டில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவன் மதுரைக்கு வந்து, ஒரு மைக் செட் கடையில் வயர் சுருட்டினேன். இன்றைக்கு என் சவுண்ட் சர்வீஸ் வண்டி போகாத திருவிழா இந்த மாவட்டத்தில் கிடையாது. என்ஜினியரிங் படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்பதை மூடியைக் கழற்றாமலே சொல்லுவேன். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் என்று என்னைப் பற்றி மேடையில் அறிமுகம் செய்வார்கள். அந்த வாசகத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

மேடைக்கு அடியில் வயர் இழுத்துக்கொண்டு கிடந்த நாளில்தான் பேஸ் கிட்டார் எனக்கு அறிமுகம். மேலே பாட்டு ஓடுகிறது. பலகை வழியாக ஏதோ ஒன்று இறங்கி என் முதுகில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. தவழ்ந்து வெளியே வந்து பார்த்தேன். நாலு தடித்த கம்பி உள்ள கிட்டாரை ஒருவர் ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லார் காலும் அவருக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது. இது என் வேலை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தே பிடித்துக்கொண்டேன். சில வருஷத்தில் மதுரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நல்ல இன்னிசைக் குழுவில் நான்தான் பேஸ்.

அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. பகலில் கீழவாசல் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. சாயங்காலம் தோளில் ஒரு துண்டோடு வந்து நிற்பார். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பாட்டு ஆரம்பிக்கிறதற்கு முன் தாளம் எண்ணிக் கொடுப்பது மட்டும் அவர் வீட்டுப் பாஷையில்தான். எங்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாமல் எங்களால் ஒரு பாட்டும் தூக்க முடியாது.

என் கிட்டாரை வாங்கப் போனபோது அவர்தான் துணைக்கு வந்தார். கொடைக்கானலில் ஒரு ஓட்டல் பாண்டு கலைந்து, அவர்கள் சாமான் விலைக்கு வந்திருந்தது. பளபளவென்று சிவப்பில் ஒன்று, வார்னிஷ் போன பழசு ஒன்று. அவர் சிவப்பை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழசை எடுத்துத் தோளில் சாத்தி, ஒரு கண்ணை மூடி அதன் கழுத்து வழியாகப் பார்த்தேன். ஏர்க்கால் கோணலா நேரா என்று பார்த்து வளர்ந்த கண் இது. சிவப்பின் கழுத்து பாம்பாக வளைந்திருந்தது, பழசு நூல் பிடித்த மாதிரி இருந்தது. மாஸ்டர் சிவப்பைக் கீழே வைத்தார். கண் விஷயத்தில் நான் பெரியவன், காது விஷயத்தில் அவர் பெரியவர் என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டோம்.

கிட்டார் மட்டும் இருந்து என்ன செய்ய? பேஸ் என்பது பெட்டியில்தான் இருக்கிறது. கடைக்குள் வைத்து வாசித்தால் எந்தப் பெட்டியும் ராஜா. நாலு சுவரும் ஒரு கூரையும் சேர்ந்து அதற்குப் பின்பாட்டுப் பாடும். திறந்த வெளியில் கொண்டுபோய் வைத்தால் மண்ணும் காற்றும் தின்றதுபோக மிச்சம்தான் வரும். எத்தனையோ பேர் கடையில் கேட்டு மயங்கி வாங்கிக்கொண்டு போய், கோயில் திடலில் முழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் பேசி, மூன்று பெட்டிகளையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் டெம்போவில் ஏற்றி, திருவாதவூர்ப் பக்கம் எங்களுக்குக் கச்சேரி இருந்த ஊருக்கே கொண்டுபோய்விட்டேன். இப்படிப் பெட்டி வாங்கினவன் மதுரையில் எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை.

வெயில் சாயாத நேரம். கண்மாய் வற்றிக் கிடந்தது, மேடையை அதற்குள்ளேயே போட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடியது. மாஸ்டர் ஒரு ஏற்பாடு சொன்னார். நான் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் கரையைப் பார்த்து நடப்பார். கேட்கிற வரைக்கும் துண்டு தோளில் இருக்கும். கேட்காமல் போகிற இடத்தில் துண்டைத் தூக்கிக் காட்டுவார்.

"முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு எந்தப் பெட்டி வச்சாலும் கேட்டுரும் மாப்ள. சோத்த ஆக்கி இறக்கிட்டுக் கடைசியா வருவாக பாரு பொம்பளைக, அவுகளுக்குக் கேக்கணும்" என்றார்.

எனக்கு ஆசை எல்லாம் அந்த மூன்றில் பெரியது மேல். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு வைத்து, பீரோ மாதிரி நின்றது. அதில் வாசித்தால் என் வேட்டியே அதிர்ந்தது. மாஸ்டர் பாதிக் கண்மாய் போவதற்குள் துண்டைத் தூக்கிவிட்டார். நம்பாமல் ஓடிப்போய்க் கேட்டேன். "சத்தம் வருது மாப்ள, சுரம் வரல. பலகை மெலிசு. பெட்டி தானே ஆடிக்கிருது" என்றார். பன்னிரண்டு இஞ்ச் ரெண்டு உள்ள பெட்டி பக்கத்தில் தெளிவு, ஆனால் அதற்கும் முன்னாலேயே துண்டு மேலே போனது. கடைசியாக ஒற்றைப் பதினைந்து. தடித்த பிளைவுட்டில் செய்த குட்டைப் பெட்டி, பார்க்கப் பிச்சைக்காரன் மாதிரி இருந்தது. நான் மனசில்லாமல் வாசித்தேன். மாஸ்டர் நடந்தார். பாதிக் கண்மாய் தாண்டினார். ஆள் சின்னதாகிக்கொண்டே போனார். கரைமேல் ஏறி, ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தே விட்டார். துண்டு தோளில்தான் இருந்தது.

சந்தோஷத்தில் கிட்டாரைக் கழற்றி அந்தப் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கரையைப் பார்த்து ஓடினேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். பேஸ் கிட்டாரை அப்படி விட்டால், பெட்டியின் அதிர்வு கம்பிக்கு ஏறி, கம்பி திரும்பப் பெட்டிக்குக் கொடுத்து, ஆள் இல்லாமலே முனகத் தொடங்கும். எனக்குப் பின்னால் அது மெல்ல ஆரம்பித்து, கன்றைத் தேடுகிற மாடு மாதிரிக் கத்த, கண்மாயில் மேய்ந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. மாஸ்டர் கரைமேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் கிட்டாருக்குத் தனியா இருக்கப் பயம்டா. விட்டுட்டு வந்த ஒடனே அழுகுது பாரு."

அந்தப் பெட்டியோடு நாங்கள் போகாத ஊர் இல்லை. அப்புறம் காலம் மாறியது. கையகலத்தில் ரிதம் பேட் வந்தது, டிரம்ஸ் வாசித்தவர் வீட்டுக்குப் போனார். விழாக் கமிட்டிக்காரர்கள் ஒரே வேனில் அடங்குகிற குழுவாகக் கேட்டார்கள். எங்கள் ஓனர் ஒரு பாடகர், கெட்டவர் இல்லை, ஆனால் யாரை இறக்கிவிடலாம் என்று வேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். அதில் இடது பக்கத்துக் கட்டைகளில் அச்சு அசலாகப் பேஸ் கிட்டார் சத்தம் வந்தது. மற்ற குழுக்களில் கீபோர்டுக்காரர் வலது கையில் பாட்டையும் இடது கையில் பேஸையும் சேர்த்தே வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் குழுவிலும் அப்படி ஆனால் என் கிட்டாரும் பெட்டியும் வீட்டுக்குப் போகும், நான் திரும்ப வயர் சுருட்டப் போக வேண்டியதுதான். அப்போது சவுண்ட் சர்வீஸ் என்று எனக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. குழுவோடு மேடை ஏறுவதால்தான் ஊர் ஊராகக் கமிட்டி ஆட்களுக்கு என் முகம் தெரிந்திருந்தது.

டீக்கடையில் நின்றபடி ஓனர் அதை மாஸ்டரிடம் கேட்டேவிட்டார். நானும் பக்கத்தில் நிற்கிறேன். கிளாஸைப் பிடித்திருந்தேனே தவிரக் குடிக்கவில்லை. மாஸ்டர் தன் இடது கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கை சரியில்ல தம்பி. கடையில சேலை உதறி உதறி நரம்பு பிடிச்சுருச்சு. விரலு மரத்துப்போகுது. ஒத்தக் கையில வாசிக்கிறதே பெரும்பாடா இருக்கு" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அடுத்த கச்சேரியிலிருந்து மணிக்கட்டில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இடது கை மடியிலேயே கிடக்கும், வலது கை மட்டும் ஓடும். ஒற்றைக் கை மாஸ்டர் என்று மற்ற குழுக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் முன்பெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள், அதுவும் குறைந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வைத்தியரிடம் சொல்லி நரம்புக்கு நல்ல தைலமாக வாங்கிக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்து, "அம்புட்டு நாத்தம், நிச்சயம் கேக்கும்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வழியில் டெம்போ டயர் போய், பெட்டியும் நானும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. மண்டபத்துக்கு வெளியே இறங்கும்போதே பாட்டுக் கேட்டது. பாட்டுக்கு அடியில் பேஸ் ஓடியது. நான் வாசிப்பது மாதிரியே, நான் எந்த இடத்தில் ஒரு சுரத்தைக் கொஞ்சம் இழுத்து விடுவேனோ அங்கே இழுத்து விட்டு. வேறு ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலில் போய் நின்று மேடையைப் பார்த்தேன். என் இடம் காலியாக இருந்தது. மாஸ்டர் இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டு இருந்தது. அதற்குக் கீழே அஞ்சு விரலும் சோளக்காட்டில் குருவி இறங்குகிற மாதிரி இறங்கி இறங்கி எழுந்தன.

தலையை நிமிர்த்தினவர் என்னைப் பார்த்தார். நடுப்பாட்டில் இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு அடியில்லாத அண்டா மாதிரி ஆகிவிட்டது. ஓனர் திரும்பி முறைத்தார். நான் கிட்டாரோடு சாப்பாட்டு வரிசையை இடித்துக்கொண்டு ஓடி மேடை ஏறி, கிடைத்த வயரைச் செருகி, விட்ட இடத்தில் பிடித்தேன். பாட்டு முடிந்ததும் மாஸ்டர், ஒரு பாட்டுக்கே விரல் மரத்துப்போச்சு தம்பி என்று ஓனரிடம் மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினார்.

அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோன விஷயம், சொல்லிவிட்டால் அவர் மணிக்கட்டில் போட்ட கட்டை அவிழ்க்க வேண்டும், நான் மேடையை விட்டு இறங்க வேண்டும். மறுவாரம் மறுபடியும் அந்தத் தைலம் வாங்கிக்கொண்டு போனேன். அவரும் முன்போலவே முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

குழு கலையும்வரை அப்படியே ஓடியது. அதற்குள் எனக்குச் சொந்தமாக வண்டி வந்தது, வேலையாட்கள் வந்தார்கள், இந்த வீடு வந்தது. அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு, பெங்களூருக்குப் போய்விட்டார். ஒருமுறை தேடிப் போனேன். பேரனுக்கு வாங்கின சின்னக் கீபோர்டு ஒன்று கட்டில்மேல் கிடந்தது. வாசிக்கச் சொன்னேன். வலது கையில் எங்கள் பழைய மெட்டு ஒன்றை எடுத்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்து, இடது கையையும் போடுங்கண்ணே என்றேன். மடியில் இருந்த கையைத் தூக்கிக் கட்டைமேல் வைத்தார். விரல்கள் தடுமாறின. ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பக்கம் உன்னுதுன்னு விட்டுட்டேன்ல மாப்ள. இப்ப அது என்னைத் தெரியாதுங்குது."

பஸ் ஏற்றிவிட வந்தவர், பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதுதான் கடைசி. அவர் போன செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன மாசம் திருவாதவூர்ப் பக்கம் அதே ஊரில் திருவிழா, சவுண்ட் என்னுடையது. என் ஆட்கள் மலை மாதிரி ஸ்பீக்கர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்மாய் அதேபோல் வற்றிக் கிடந்தது. அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்த கறுப்புப் பெட்டியை மேடையில் இறக்கி, பழைய கிட்டாரைச் செருகி, அந்த மெட்டைக் கொஞ்சம் வாசித்தேன். பெட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் எதிரே கரை வரைக்கும் வெறும் தரை. நடந்து போய்க் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எங்கே வரைக்கும் போகிறது என்று வாசிக்கிறவனுக்குத் தெரியாது. சம்பளத்துக்கு ஆளை நடக்கவிடலாம், துண்டை எப்போது தூக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது?

அதனால் சத்தத்தைக் குறைக்காமலே கிட்டாரைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தேன். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தேன். பின்னால் அது முனக ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்காமல் போனேன். மூச்சு வாங்கியது, கரை ஏறும்போது கையை ஊன்ற வேண்டியிருந்தது. அந்தக் கருவேலமரம் இல்லை. அது நின்ற இடம் என்று தோன்றிய இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்க்கப் பெட்டி ஒரு கறுப்புப் புள்ளி. ஆள் இல்லாத மேடையில் தனியாக நின்று அது அழுதுகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்த இடம் வரைக்கும், சுரம் கலையாமல், தெளிவாக வந்தது. துண்டு என் தோளிலேயே கிடந்தது.