வீட்டை நோக்கி வந்த காலடிகள்

ரொக்ஸ்பரோவில் நான் இருக்கும் அறைக்கு ஒரேயொரு யன்னல். பேஸ்மென்ட் என்பதால் அது தரையோடு ஒட்டியிருக்கும். கதிரையில் இருந்தால் பின்வளவின் பனி என் கண் மட்டத்துக்கு வரும். வளவுக்குள் யாராவது நடந்தால் முகம் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். கோடையில் அறை பார்க்க வந்தபோது இதை ஒரு குறை என்று நினைத்தேன். பனி விழத் தொடங்கிய பிறகு வேறெதையும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் முறையாகப் படம் கீறப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதன்பிறகு வவுனியாவில் போர்டு எழுதும் கடையொன்றில் இருந்தேன். கடைப் பெயர்களும் லொறிக் கதவுகளும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் எழுதினேன். பிறகு கொழும்பு, பாங்கொக், கோலாலம்பூர், ஒரு கப்பல், ஒரு தடுப்பு முகாம். எந்த ஊரிலும் வேர்விடுமளவுக்கு இருந்ததில்லை. மொன்றியலிலும் இந்தக் குளிரைக் கடத்திவிட்டு மேற்கே எங்காவது போவதாகத்தான் எண்ணம்.

டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியை விடியமுன் போய்க் கழுவுவது என் வேலை. மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடுவேன். நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். இடையில் கிடைக்கும் பொழுதில் அந்த யன்னலை மட்டும் கீறினேன். தக்காளிப் பெட்டி மட்டைதான் கன்வஸ். சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்தான் நிறம்.

போர்டு எழுதுகிறவனுக்கு வெள்ளை என்பது முதல் பூச்சு. அது காய்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். இங்கே முதல் பூச்சிலேயே எல்லாம் முடிந்து கிடந்தது. வெள்ளையை எவ்வளவு அடித்தாலும் மட்டையில் பனி வரவில்லை, சுண்ணாம்புச் சுவர்தான் வந்தது. பனிக்கென்று சொந்தமாக நிறம் இல்லை என்று பிடிபட இரண்டு கிழமை போனது. பள்ளத்தில் நீலம், மேட்டில் மங்கிய மஞ்சள், பொழுதுபடும் நேரத்தில் காயம் கன்றிய ஊதா. நிழலைக் கீறினால் பனி தானாக வந்து நிற்கும். ஆனால் வெறும் வளவில் நிழலுக்கு எங்கே போவது? யாராவது நடந்திருக்க வேண்டும்.

யாரோ நடந்திருந்தார்கள்.

முதல்முறை அதைக் கண்டது பெரிய பனி ஒன்று விழுந்த மறுநாள். வேலையால் வந்து யன்னல் திரையை விலக்கினேன். வேலிக்கு அப்பால் ஆற்றங்கரை வரை மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களுக்குள்ளிருந்து காலடிகள் புறப்பட்டு, வேலியின் உடைந்த இடத்தால் நுழைந்து, வளவைக் கடந்து, பின்கதவுக்கு வந்து நின்றன. திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. விறாந்தையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மேலே இருந்தவர்கள் இரண்டு பேர். வீட்டுக்காரி திருகோணமலைப் பெண், பகலில் ஒரு கார்டெரியில், சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிறாள். அவள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட தகப்பன் மற்றவர், நான் ஐயா என்பேன். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. புருஷன் லொறி ஓட்டுகிறவன், மேற்கே போனால் வரக் கிழமைக் கணக்காகும். ஐயாவுக்கு ஞாபகம் அங்கும் இங்குமாக விட்டுப்போயிருந்தது. சில நாள் என்னைத் தம்பி என்பார், சில நாள் நான் யாரென்று மகளிடம் இரகசியமாகக் கேட்பார். காலைச் சாப்பாட்டை மூடி வைத்து, முன்கதவுத் திறப்பை நூலில் கோர்த்து அவர் கழுத்தில் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போவாள். பகல் முழுக்க என் தலைக்கு மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்கும். நான் அதைக் கேட்டுக்கொண்டு கீறுவேன்.

அந்தக் காலடிகள் அவருடையவையாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் மெலிந்த மனிதர். அடிகளோ பெரிய ஆளுடைய சப்பாத்து அடிகள். பெரிய சப்பாத்து, ஆனால் எட்டி வைக்கும் எட்டு மட்டும் சின்னப்பிள்ளையின் எட்டு. அவ்வளவு பெரிய ஆள் ஏன் அப்படிக் குறுகக் குறுக வைத்து வருகிறான் என்பதுதான் என் கழுத்தைக் கூசவைத்தது.

அடுத்த பனிக்கும் வந்தான். அதற்கடுத்த பனிக்கும் வந்தான். ஒவ்வொரு முறையும் நான் வேலையால் வரும்போது அடிகள் வந்து முடிந்திருக்கும். வருவது மட்டும்தான், போவது இல்லை. வீட்டுக்குள் எத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று சில வேளை யோசிப்பேன். வீட்டுக்காரி பின்கதவு நிலையில் திருநீறு பூசி, ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டாள். அது ஒரே இரவில் உறைந்து கல்லாகி, காற்றடிக்கும்போதெல்லாம் கதவைத் தட்டியது. யாரோ தட்டுகிறார்கள் என்று இரண்டு முறை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு அவளே அதை அறுத்தெறிந்தாள்.

நான் கண்டதைக் கீறினேன். மட்டைகளைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்தேன். ஒருநாள் உடுப்புத் தோய்க்க இறங்கி வந்தவள் அவற்றின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன அண்ணை இது? மனுசர் பிள்ளையாரைக் கீறுவினம், மயிலைக் கீறுவினம். நீங்கள் ஓட்டை ஓட்டையாக் கீறி அடுக்கி வைச்சிருக்கிறீங்கள்."

"கண்ணில படுறது இதுதான் தங்கச்சி."

"அதையாவது ஒழுங்காக் கீறலாம்தானே. நடக்கேக்க பனி முன்னுக்கெல்லோ பறக்கும்? உங்கட ஆளுக்கு எல்லாம் குதிக்குப் பின்னால பறக்குது."

"அப்பிடித்தான் கிடக்குது. நான் என்ன செய்ய?"

"கண்ணை டொக்டரிட்டக் காட்டுங்கோ முதல்ல. ரெண்டு சூரியகாந்திப் பூக் கீறித் தாங்கோ, ஹோலில மாட்டுவம். வாற சனத்துக்கு இதைக் காட்டேலாது, பயந்து ஓடிடுங்கள்."

அவள் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள். நான் படத்தையும் வளவையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு அடியிலும் கிளறுண்ட பனி குதிகால் பக்கம் சிதறிக் கிடந்தது. கையில் பிரஷ் இருந்தது. திருத்திவிடலாம் போலிருந்தது, ஒன்றைத் திருத்தவும் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன். கடைப் பெயரில் எழுத்துப் பிழைத்தால் திருத்தலாம், பனியில் கிடந்ததைத் திருத்த நான் யார்?

தை மாதக் கடைசியில், கடும் குளிர் நாள் ஒன்றில், வேலையால் வந்தபோது புதிய அடிகள் இருந்தன. மெல்லிய பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது. அவை மூடுபட முதல் கீறிவிட வேண்டும் என்று அவசரமாக இருந்தேன். மூன்று மணியளவில் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. என்னவென்று விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. தலைக்கு மேலே நடக்கும் சத்தம் இல்லை. ஐயா நித்திரையாக்கும் என்று நினைத்துத் தொடர்ந்து கீறினேன்.

பொழுதுபட அவள் வந்தாள். மேலிருந்து கூப்பிட்ட குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

"அண்ணை! அப்பாவைக் காணேல்லை!"

ஓடினேன். பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. அன்றுதான் முதன்முறை. வெளியே அதே அடிகள், மரத்துக்குள்ளிருந்து கதவு வரை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் கதவோடு நின்றவன் இன்றைக்கு உள்ளே வந்துவிட்டான். இரண்டு பேருக்கும் அதே எண்ணம்தான்.

அவள் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தாள். நான் குசினிக் கத்தியை எடுத்தேன். அலுமாரிகள், கட்டிலுக்குக் கீழ், குளியலறைத் திரை, என் அறைக்குப் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் மெஷின் இருக்கும் இருட்டு மூலை, எல்லாம் தேடினோம். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் ஐயா இருக்கவேண்டும் என்றும், வேறு யாரும் இருக்கக்கூடாது என்றும் நினைத்துத் திறந்தோம். ஒருவரும் இல்லை.

பொலிஸ் வந்தது, ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அந்தப் பெண் டோர்ச் அடித்துக் குனிந்து அடிகளைப் பார்த்தாள். பனி அவற்றை அரைவாசி மூடியிருந்தது. இதால் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார், யாரும் போகவில்லை, உங்கள் அப்பா முன்பக்கத்தால் தெருவுக்குப் போயிருப்பார் என்றாள். பனி வழித்து உப்புப் போட்ட தெருவில் அடி எதுவும் தங்காது. அவர்கள் தெருப் பக்கம் தேடப் புறப்பட்டார்கள். இந்தக் குளிரில் வயதானவர் அதிக நேரம் தாங்கமாட்டார் என்று அவள் சொன்னதை வீட்டுக்காரி எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, வெறும் மட்டை மாதிரி இருந்தது.

நானும் தேடப் போக, கையுறை எடுக்கக் கீழே இறங்கினேன். லைட்டைப் போட்டதும் என் மட்டைகள் வரிசையாக என்னைப் பார்த்தன. எல்லாவற்றிலும் பெரிய சப்பாத்து, சின்ன எட்டு, குதிப்பக்கம் சிதறிய பனி. ஒன்றில் மட்டும், நான் திருத்தத் தொடங்கிய ஒரேயொரு அடியில், பனி முன்னால் பறந்திருந்தது. அந்த ஒரு அடிதான் வீட்டுக்கு வருகிறது. மற்றதெல்லாம் போகின்றன.

பின்பக்கமாக நடந்து போகின்றன.

யுத்தகாலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து மணல்பாதையில் இதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஆமி சுற்றிவளைக்க வருகிறது என்றால் ஆண்கள் வீட்டுக்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்து காட்டுக்குள் போவார்கள். அடியைப் பார்க்கிறவன் ஆள் வீட்டுக்குள் இருக்கிறான் என்று வீட்டைக் கிண்டுவான். காடு தப்பிவிடும். ஆமி போனதும் வேறு வழியால் வீடு வருவார்கள். ஐயா மருமகனின் சப்பாத்தைப் போட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். மரங்களுக்குள் கொஞ்ச நேரம் ஒளிந்துவிட்டுத் தெருவால் சுற்றி வந்து, கழுத்துத் திறப்பால் முன்கதவைத் திறந்து, பின்கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார். இன்றைக்குத் திரும்பி வரவில்லை. நாங்களும் அவர் விரும்பியபடியே வீட்டைக் கிண்டினோம்.

"தங்கச்சி, பொலிசைப் பின்னால வரச்சொல்லு, ஆத்துப்பக்கம்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

மரங்களுக்குள் பனி முழங்கால் வரை இருந்தது. அடிகள் மெல்லிய குழிகளாகத் தெரிந்தன. குழிகள் முடிந்த இடத்தில் ஒரு சவுக்கு மாதிரியான மரம், கிளைகள் நிலம் வரை. அதற்குக் கீழே பனிமூடிய ஒரு குற்றி கிடந்தது. குற்றிக்குக் கண் இருந்தது. அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாத தம்பி. குனி."

குனிந்தேன். அவர் குந்தியிருந்தார். புருவமெல்லாம் வெள்ளை. நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. மரங்களுக்கூடாக, தூரத்தில், எங்கள் வீடு மஞ்சள் வெளிச்சத்தோடு தெரிந்தது. டோர்ச் வெளிச்சங்கள் அதைச் சுற்றி அசைந்தன.

"பார், வந்திட்டாங்கள்," என்றார். "வீட்டுக்கதான் தேடுறாங்கள்."

"அவங்கள் போயிடுவாங்கள் ஐயா. எழும்புங்கோ, போவம்."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். நான் ஓடி வந்த அடிகள் வேலியிலிருந்து நேரே அந்த மரத்தடிக்கு வந்திருந்தன. அவர் முகம் மாறிய மாதிரியைப் பல நாள் கீற முயன்று விட்டுவிட்டேன்.

"என்ன வேலை செய்தனீ? நேர வந்திருக்கிறாய். காட்டிக் குடுத்திட்டியே."

வீட்டுப் பிள்ளையைத் திட்டுவதுபோல் அல்ல, தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழும்ப மறுத்தார். பிடித்த கையை உதறினார். அவருக்கு இருந்த பலம் ஆச்சரியமாக இருந்தது. அவரோடு வாதாட நேரமில்லை. ஒரு கிளையை முறித்தேன். "அழிச்சுக்கொண்டு போவம் ஐயா. நீங்கள் நடவுங்கோ, நான் பின்னால அழிக்கிறன்," என்றேன். கொஞ்சம் யோசித்தார். தலையாட்டினார்.

அப்படித்தான் வந்தோம். ஒரு கையால் அவரை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கிளையை இழுத்துக்கொண்டு. இரண்டு தரம் நின்று, சரியாக அழிபட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். வேலியடியில் அந்தப் பொலிஸ் பெண் டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, எங்களுக்குப் பின்னால் ஒரு அடியும் இல்லாத பனியைப் பார்த்தபடி நின்றாள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கால் விரல் இரண்டை எடுத்தார்கள். மூன்று கிழமையால் வீட்டுக்கு வந்தார். பின்கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. வேலையால் வந்தபிறகு பகலில் பார்த்துக்கொள்ள நான் சம்மதித்தேன்.

வந்த மூன்றாம் நாள், அவளுக்கும் எனக்கும் லீவு நாள், பனி விழுந்தது. காலையில் அவர் மேல்யன்னலில் இருந்து வளவைப் பார்த்தார். பிறகு இருப்புக்கொள்ளவில்லை. கதவை உலுப்பினார். கட்டுப்போட்ட காலோடு விறாந்தை நீளத்துக்கும் நடந்தார். மகள் கெஞ்சினாள், பேசினாள், கடைசியில் அழுதாள்.

"என்னதான் வேணும் அப்பா உங்களுக்கு?"

"ஒரு அடியும் இல்லையே பிள்ளை. நாங்கள் உள்ளுக்கதான் இருக்கிறம் எண்டு தெரிஞ்சிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். லொறிக்காரனின் பெரிய சப்பாத்து கராஜில் கிடந்தது. போட்டுக்கொண்டு பின்கதவால் இறங்கினேன். வேலியைப் பார்த்து முன்னோக்கி, நீட்டி நீட்டி அடி வைத்து, ஒருவன் அவசரமாக வீட்டை விட்டுப் போனதுபோல நடந்து மரங்களுக்குள் போனேன். பிறகு தெருவால் சுற்றி முன்கதவால் வந்தேன். ஐயா யன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டான் எண்டு நினைப்பாங்கள்," என்றார். போய்ச் சாப்பிட இருந்தார்.

அன்றிலிருந்து பனி விழும் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் முதல் வேலை அதுதான். அந்தப் பங்குனியில் மேற்கே போயிருக்க வேண்டும். இது இரண்டாவது குளிர்காலம். ஐயா இருக்கிறார், இப்போது என்னை எந்த நாளும் யாரென்று தெரிவதில்லை. ஆனால் அடிகளைக் கண்டால் அமைதியாகிவிடுவார்.

நடந்து முடித்துக் கீழே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, யன்னலடியில் மட்டையை வைப்பேன். கண் மட்டத்தில் பனி, அதில் என் அடிகள். கதவிலிருந்து புறப்பட்டு, பனியை முன்னால் எறிந்தபடி, மரங்களுக்குள் போய் முடிகின்றன. திரும்பி வந்த அடி இல்லை. மேலே ஐயா நடக்கும் சத்தம் கேட்கும்வரை பிரஷைத் தொடமாட்டேன். கேட்டபிறகுதான், நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறோம் என்று எனக்கு நிச்சயமாகும்.